நெகட்டிவை வீட்டிலேயே படமாக்கக் கட்டுப்படியாகும் வழி

வீட்டில் கிடக்கும் பிலிம் நெகட்டிவை டிஜிட்டல் படமாக மாற்ற இன்று நான்கைந்து வழிகள் இருக்கின்றன. கைபேசியும் ஓர் அட்டைப்பெட்டியும் போதும் என்பதில் தொடங்கி, ஆயிரக்கணக்கான வெள்ளி (ரிங்கிட்) விலையுள்ள ஸ்கேனர் வரை அவை போகின்றன. எது கட்டுப்படியாகும் என்பதைக் கடையின் விலைப்பட்டியலைவிட, கையில் இருக்கும் நெகட்டிவே தீர்மானிக்கிறது. அது எந்த அளவு, எத்தனை சுருள், என்ன நிலையில் இருக்கிறது, படம் எதற்கு வேண்டும் என்ற நான்கும் தெரிந்துவிட்டால் தேர்வு பாதி முடிந்த மாதிரிதான்.

மலேசியாவின் உலு திராம் போன்ற ஊரில் இதைத் தள்ளிப்போட முடியாததற்குக் காரணங்கள் உண்டு. ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கிக்குப் போகும் வழியில் இருக்கும் இந்த ஊரைச் சுற்றி முன்பு ரப்பரும் செம்பனையும்தான். இன்று தாமான் பூத்ரி வங்சா போன்ற பெரிய குடியிருப்புகளும் தொழிற்பேட்டைகளும் வந்துவிட்டன. தோட்டத்திலிருந்து தாமானுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களில் லயன் வீடு, தோட்டத்துக் கோயில் திருவிழா, தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி எல்லாம் இப்போது படமாக மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. அந்தப் படங்களிலும் அச்சிட்ட பிரதிகள் பல, சொந்தக்காரர்கள் கேட்டு வாங்கிப் போனவை. மற்றவை பசைத்தாள் ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டு மஞ்சளித்துவிட்டன. யாரும் கேட்காததால் வீட்டிலேயே தங்கியது நெகட்டிவ். பழைய பிஸ்கட் டின்னில், கடைக்காரர் கொடுத்த உறையோடு, அலமாரிக்கு மேல் அது இருக்கும்.

ஆனால் இந்தச் சீதோஷ்ணத்தில் பிலிம் நீண்ட நாள் தாங்காது. 35 மி.மீ. நெகட்டிவின் அடித்தகடு பெரும்பாலும் செல்லுலோஸ் டிரைஅசிடேட். அதன்மேல் பூசிய ஜெலட்டின் படலத்தில்தான் படம் இருக்கிறது. சூடும் ஈரமும் சேர்ந்தால் அசிடேட் சிதைந்து அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். டின்னைத் திறந்ததும் வினிகர் வாடை மூக்கில் ஏறினால் சிதைவு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பிறகு பிலிம் சுருங்கும், நெளியும், ஜெலட்டின் கழன்று வரும். அந்த அமிலமே சிதைவை மேலும் விரைவுபடுத்தும். பக்கத்தில் இருக்கும் நல்ல பிலிமையும் கெடுக்கும். அமெரிக்காவின் ராசெஸ்டர் நகரிலுள்ள படிமப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 21 டிகிரி வெப்பமும் 50 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள அறையில் புதிய அசிடேட் பிலிமில் இந்தச் சிதைவு தலைகாட்டச் சுமார் 40 ஆண்டாகும். ஜொகூரில் பகல் வெப்பம் 32 டிகிரியைத் தொடுகிறது; ஈரப்பதம் ஆண்டு முழுவதும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. 1980களில் எடுத்த படத்துக்கு அந்த 40 ஆண்டு இங்கே கிடைத்திருக்காது.

பூஞ்சையும் அதே ஈரத்தில் வளர்வதுதான். ஜெலட்டின் அதற்கு உணவு. வெளிச்சத்தில் பிடித்தால் நரம்பு நரம்பாகக் கிளைவிட்ட கோடுகள் தெரியும். பூஞ்சை பிடித்த இடத்தில் ஜெலட்டின் தண்ணீரில் கரையும் நிலைக்கு வந்திருக்கும் என்பதால் அப்படிப்பட்ட நெகட்டிவைத் தண்ணீரில் கழுவினால் படமே வழிந்து போய்விடும். வெள்ளத்தில் நனைந்தது வேறு கதை. 2006 டிசம்பர் முதல் 2007 ஜனவரி வரை கோத்தா திங்கியை மூழ்கடித்த வெள்ளத்தையும் 2023 மார்ச்சில் ஜொகூரின் பல மாவட்டங்களில் வந்த வெள்ளத்தையும் இந்தப் பகுதி மறந்திருக்காது. சேற்றுநீரில் நனைந்த நெகட்டிவ் ஒன்றோடொன்று ஒட்டியபடியே காய்ந்துவிட்டால் பிரிக்க முடியாது. அதைக் காயவிடாமல் சுத்தமான குளிர்நீரில் வைத்து ஒவ்வொன்றாகப் பிரித்து, அலசி, தூசியில்லாத இடத்தில் கிளிப் போட்டுத் தொங்கவிட வேண்டும்.

காத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களே சான்று. பல ஊர்களில் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த நெகட்டிவ்களும் கண்ணாடித் தகடுகளும் கடை மூடியபோது குப்பைக்குப் போயின, அல்லது அவற்றிலுள்ள வெள்ளிக்காக எடைக்குப் போயின. மிஞ்சியவற்றைக் காப்பாற்ற, பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணங்கள் திட்டத்தின் உதவியோடும் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் துணையோடும் ஆய்வாளர்கள் ஸ்டுடியோ ஸ்டுடியோவாகச் சென்று படங்களை டிஜிட்டல் ஆக்கியிருக்கிறார்கள். ஒரு தோட்டத்துக் குடும்பத்தின் டின்னைத் தேடி அப்படி ஒரு குழு வரும் என்று எதிர்பார்க்க முடியாது. அதை அந்தக் குடும்பம்தான் செய்துகொள்ள வேண்டும்.

முதல் வேலை, டின்னில் இருப்பதைப் பிரித்து அடுக்குவது. நெகட்டிவின் இரு ஓரத்திலும் சதுரத் துளைகள் வரிசையாக இருந்தால் அது 35 மி.மீ.; ஒரு படம் 24க்கு 36 மி.மீ. துளையே இல்லாமல் அகலமாக இருந்தால் 120 வகை. ஸ்டுடியோக்காரர்களும் பழைய கல்யாணப் படக்காரர்களும் பயன்படுத்தியது இதுதான். சதுரப் படமென்றால் ஒரு பக்கம் 56 மி.மீ. அளவு வரும். படத்துக்கு ஒரே ஒரு துளையோடு சதுரமாக இருந்தால், கோடாக் 1963இல் இன்ஸ்டமேட்டிக் கேமராவோடு கொண்டுவந்த 126. விரல்நகம் அளவுக்குச் சின்னப் படமென்றால் 1972இல் வந்த 110. இந்தப் பிரிப்பை விட்டுவிட்டு ஸ்கேனர் வாங்குகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். 35 மி.மீட்டருக்கு மட்டும் செய்த கருவியில் தாத்தாவின் 120 நெகட்டிவ் நுழையவே நுழையாது.

அடுத்தது எண்ணிக்கை. எட்டுப் பத்துச் சுருள்தான் இருக்கிறது, எல்லாம் 35 மி.மீ. என்றால் கருவி எதுவும் வாங்க வேண்டாம். பிலிம் கழுவும் கடைகள் ஜொகூர் பாருவிலும் சிங்கப்பூரிலும் இன்னும் இருக்கின்றன. அங்கே கொடுப்பதே மலிவு. ஒரு சுருளுக்கு 15 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் 8 சுருளுக்கு 120 வெள்ளி. அதே விலையில் 60 சுருளுக்கு 900 வெள்ளி ஆகும். அந்த இடத்தில்தான் சொந்தக் கருவி கணக்குக்கு ஒத்துவருகிறது. கடையில் கொடுக்கும்போது படத்தின் நீள அகலம் எத்தனை பிக்சல் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். குறைந்த விலைக்குப் பெரும்பாலும் சிறிய அளவில்தான் எடுத்துத் தருவார்கள்.

எவ்வளவு பெரிய படம் வேண்டும் என்பது எளிய கணக்கு. நல்ல அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் தேவை. 4ஆர் அளவுக்கு 1,800க்கு 1,200 பிக்சல் போதும். ஏ4 தாள் அளவுக்கு ஏறக்குறைய 3,500க்கு 2,480 வேண்டும். 35 மி.மீ. படத்தை 2,400 டிபிஐயில் (அங்குலத்துக்கு 2,400 புள்ளி) எடுத்தால் நீளவாக்கில் 3,400 பிக்சல் கிடைக்கும். குடும்பப் படத்துக்கு இது தாராளம். வாட்ஸ்அப்பில் அனுப்பவும் தொலைக்காட்சியில் பார்க்கவும் இதில் பாதியே மிகை. ஆனால் பெட்டியில் அச்சிட்டிருக்கும் டிபிஐயும் கருவி உண்மையில் தரும் நுணுக்கமும் ஒன்றல்ல. எப்சன் வி600 என்ற தட்டை ஸ்கேனரின் பெட்டியில் 6,400 என்று இருக்கும். சோதனைத் தகடு வைத்து அளந்தவர்களுக்குக் கிடைத்தது சுமார் 1,600தான். அதைவிடப் பல மடங்கு விலையுள்ள வி850 ஏறக்குறைய 2,300 தருகிறது. 35 மி.மீட்டருக்கு மட்டும் செய்யப்பட்ட பிளஸ்டெக் ஆப்டிக்ஃபிலிம் 8100, பெட்டியில் 7,200 என்று சொல்லி, 3,800 அளவுக்குத் தருகிறது.

மிக மலிவான வழி கைபேசி. வெள்ளைத் திரைக்கு முன் நெகட்டிவைப் பிடித்துப் படமெடுத்து, செயலியில் நிறத்தைத் திருப்பிவிடலாம். இதற்கென்றே மடிக்கும் அட்டைப்பெட்டிகளும் விற்கின்றன. பாதுகாத்து வைக்கத் தக்க தரம் இதில் வராது. ஆனால் எந்தச் சுருளில் யார் கல்யாணம் இருக்கிறது என்று பட்டியல் போட இதைவிட வசதியான வழி இல்லை. முதலில் எல்லாச் சுருளையும் இப்படி ஒருமுறை பார்த்துவிட்டால், நல்ல கருவியில் எடுக்க வேண்டியவை பாதியாகக் குறையும்.

சின்னத் திரையோடு, கணினி தேவையில்லாமல், ஒரு பொத்தானை அழுத்தினால் ஐந்து வினாடியில் படம் தரும் பெட்டி ஸ்கேனர்கள் ஷாப்பியிலும் லசாடாவிலும் நிறைய விற்பனையாகின்றன. உள்ளே இருப்பது மலிவான சிறிய கேமரா. 14 மெகாபிக்சலை 22 என்று ஊதிக் காட்டும், ஓரத்தை வெட்டிவிடும், வெள்ளைச் சட்டையிலும் முகத்தின் வெளிச்சமான பக்கத்திலும் விவரத்தைத் தின்றுவிடும். ஜேபெக் கோப்பாக மட்டும் தருவதால் பிறகு திருத்தவும் இடமில்லை. வயதானவர்கள் தாமே செய்துகொள்ளலாம் என்பது அதன் நல்ல பக்கம். காசு கொடுத்து வாங்க முதலில் நினைவுக்கு வருவது இதுவே என்றாலும், கடைசியாகத்தான் யோசிக்க வேண்டும்.

தட்டை ஸ்கேனர் பல அளவு நெகட்டிவ் வைத்திருக்கும் வீட்டுக்கு ஏற்றது. மூடியிலேயே விளக்கு இருக்கும் வகையாக இருக்க வேண்டும். ஆவணம் மட்டும் எடுக்கும் சாதாரண ஸ்கேனரில் நெகட்டிவ் கறுப்பாகத்தான் வரும். வி600 ஒரு தடவைக்கு ஆறு படத் துண்டு இரண்டை, அதாவது 12 படத்தை ஏற்கும். 120 பிலிமுக்கும் சட்டம் உண்டு. 56 மி.மீ. சதுரப் படத்தில் அதன் 1,600 டிபிஐயே பக்கத்துக்கு 3,500 பிக்சலைத் தந்துவிடும்; ஸ்டுடியோ நெகட்டிவுக்கு வேறு தேட வேண்டாம். இன்னொரு பெரிய வசதி அகச்சிவப்புக் கதிர். அது தூசியையும் கீறலையும் தனியாகக் கண்டுபிடித்து அழிக்கும். வண்ண நெகட்டிவில் மட்டுமே இது சரிவரும். கறுப்பு வெள்ளையில் படமே வெள்ளித் துகளாக இருப்பதால் அகச்சிவப்பு அதையும் தூசி என்று எடுத்துக்கொள்ளும். அப்போது அந்த வசதியை அணைத்துவிட வேண்டும். பிளஸ்டெக்கில் 8200i மாடலுக்கு அகச்சிவப்பு உண்டு, 8100க்கு இல்லை.

தட்டை ஸ்கேனருக்குக் கொடுக்க வேண்டிய விலை பொறுமை. துண்டை மாட்டி, முன்பார்வை பார்த்து, 12 படம் முடிய அரை மணி ஆகும் என்று வைத்தால், 36 படம் கொண்ட 60 சுருளுக்கு 90 மணி நேரம். வாரக் கடைசிகளில் மட்டும் உட்கார்ந்தால் மாதக்கணக்கில் போகும்.

பழைய ஸ்கேனர் வாங்கினால் செலவு பாதியாகும். கேரோசெல், மூடா போன்ற பழைய பொருள் விற்கும் தளங்களில் தேடும்போது மூன்றைப் பார்க்க வேண்டும். நெகட்டிவ் மாட்டும் பிளாஸ்டிக் சட்டம் கூடவே வருகிறதா? பலர் அதைத் தொலைத்துவிட்டுத்தான் விற்கிறார்கள். கண்ணாடிக்கு அடியில் பூஞ்சையோ பனி படர்ந்தது போன்ற மங்கலோ இருக்கிறதா? வெறும் கண்ணாடியை ஸ்கேன் செய்து பார்த்தால் கோடுகள் தெரிந்துவிடும். மின்சாரம் ஒத்துவருமா? ஜப்பானிலிருந்து வரும் பழைய சாமான்களில் வி600 என்பதே ஜிடி-எக்ஸ்820 என்ற பெயரில் இருக்கும். ஜப்பானின் மின்னழுத்தம் 100 வோல்ட். அடாப்டரில் 100–240 என்று எழுதியிருக்காவிட்டால் நம்மூர் சுவரில் சொருகக் கூடாது. பழைய கருவிக்கு நிறுவனத்தின் மென்பொருள் புதிய கணினியில் ஓடாமல் போகலாம். வியூஸ்கேன் என்ற மென்பொருள் பல ஆண்டுப் பழைய கருவிகளையும் ஓட்டும். மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒன்றை வாங்கி, வேலை முடிந்ததும் விற்றுவிட்டால் ஒரு வீட்டுக்கு விழும் செலவு கடைச் செலவைவிட மிகக் குறைவு.

வீட்டில் ஏற்கெனவே லென்ஸ் மாற்றும் டிஜிட்டல் கேமரா இருந்தால் நிலைமையே மாறிவிடுகிறது. நெகட்டிவை வெள்ளை விளக்குப் பலகையின் மேல் வைத்து, மேலிருந்து கேமராவால் நெருக்கமாகப் படமெடுப்பதுதான் இன்று மலிவிலும் தரத்திலும் முதலிடம். 24 மெகாபிக்சல் கேமராவின் சட்டகம் நிறைய எடுத்தால் பிளஸ்டெக்குக்கு ஈடான நுணுக்கம் வரும். ஒரு சுருள் முடியக் கால் மணி நேரம் போதும். 60 சுருள் 15 மணி நேரத்தில் முடிந்துவிடும்.

இதற்கு மேக்ரோ லென்ஸ் கட்டாயம் என்று பலர் நினைத்து விலகிவிடுகிறார்கள். ஏபிஎஸ்-சி (ஃபுல் பிரேமைவிடச் சிறிய சென்சார்) கேமராவில் சாதாரண 50 மி.மீ. லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே சுமார் 25 மி.மீ. எக்ஸ்டென்ஷன் டியூப் மாட்டினாலே 35 மி.மீ. நெகட்டிவ் சட்டகம் நிறைய வந்துவிடும். டியூப்பில் மின்தொடுப்பு இருக்க வேண்டும். இல்லையென்றால் லென்ஸின் துளையளவை மாற்ற முடியாது. ஃபுல் பிரேம் கேமராவுக்கு மட்டும் ஒன்றுக்கு ஒன்று எடுக்கும் மேக்ரோ தேவை.

விளக்கு முக்கியம். வீடியோவுக்கு விற்கும் சின்ன எல்இடி பலகைகளில் நிறத்தரக் குறியீடு (சிஆர்ஐ) 95க்கு மேல் உள்ளதாகப் பார்த்து எடுக்க வேண்டும். மலிவான விளக்கில் சிவப்பு குறைவு, தோலின் நிறம் சாம்பலடிக்கும். டேப்லட் திரையும் உதவும். ஆனால் நெகட்டிவ் திரைமேல் படாமல் நான்கைந்து சென்டிமீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் திரையின் புள்ளிகளே படத்தில் விழும். நெகட்டிவைத் தட்டையாகப் பிடிக்கச் சட்டம் வாங்கலாம். கறுப்பு அட்டையில் 24க்கு 36 மி.மீட்டரைவிடச் சற்றே பெரிய சன்னல் வெட்டிக்கொண்டாலும் நடக்கும். சன்னலுக்கு வெளியே ஒளி கசியக் கூடாது.

கேமரா நெகட்டிவுக்கு நேர் இணையாக இருந்தால்தான் நான்கு மூலையும் துல்லியமாக வரும். அளவுகோல் வைத்துப் பார்ப்பதைவிட, நெகட்டிவ் இருக்கும் இடத்தில் ஒரு சிறு கண்ணாடியைப் படுக்க வைத்தால் போதும். கேமராத் திரையில் லென்ஸின் சொந்தப் பிம்பம் சரியாக நடுவில் தெரியும்வரை கேமராவை அசைத்துச் சரிசெய்தால் இணையாகிவிட்டது. பிறகு ஐஎஸ்ஓ 100, துளையளவு எஃப் 8, ரா கோப்பு, இரண்டு வினாடி டைமர். அறை விளக்கையும் அணைக்க வேண்டும், மின்விசிறியையும் அணைக்க வேண்டும். விசிறி கிளப்பும் தூசியைப் பிறகு ஒவ்வொரு படத்திலும் அழிக்க மணிக்கணக்காகும். ஒளி அளவைச் சுருளின் வெற்று ஓரத்தைப் பார்த்து வைத்துவிட்டு, அந்தச் சுருள் முடியும்வரை மாற்றாமல் எடுக்க வேண்டும்.

அந்த வெற்று ஓரத்துக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. வண்ண நெகட்டிவ் முழுக்க ஆரஞ்சு நிறம் பூசியதுபோல இருப்பது தற்செயல் அல்ல. பிலிமின் சாயங்கள் முழுத் தூய்மையானவை அல்ல. சேரக் கூடாத நிறத்தையும் கொஞ்சம் விழுங்கும். அந்தக் குறையைச் சரிக்கட்டவே உற்பத்தியாளர்கள் அந்த ஆரஞ்சைச் சேர்த்தார்கள். ஆகவே வெறுமனே நிறத்தைத் திருப்பினால் படம் நீலம் பாரித்து வரும். முதலில் வெற்று ஓரத்தின் நிறத்தைக் காட்டி அதைக் கழிக்கச் சொல்ல வேண்டும், அதன்பின் திருப்ப வேண்டும். இலவச மென்பொருளான டார்க்டேபிளில் நெகடாக்டர் என்ற பகுதி இதற்கென்றே இருக்கிறது. ராதெரபீயிலும் தனிக் கருவி உண்டு. ஒரு சுருளில் ஒரு படத்தைச் சரிசெய்துவிட்டால் அதே அமைப்பை மற்ற 35 படத்துக்கும் ஒட்டிவிடலாம். ஸ்கேனரில் இந்த வேலையை அதன் மென்பொருளே செய்துவிடும்.

நெகட்டிவின் பளபளப்பான பக்கம் அடித்தகடு, மங்கலான பக்கம் படலம். படலப் பக்கத்திலிருந்து எடுத்தால் படம் இடவலம் மாறி வரும், கணினியில் திருப்பிவிட வேண்டும். ஓரத்து எண்கள் நேராக வாசிக்கக் கிடைத்தால் சரி. எண் வெட்டுப்பட்டிருந்தால் சேலையைப் பார்க்கலாம். தமிழ்ப் பெண்கள் முந்தானையைப் பெரும்பாலும் இடது தோளில்தான் போடுவார்கள். படத்தில் எல்லோருக்கும் வலது தோளில் இருந்தால் படம் திரும்பியிருக்கிறது.

சுத்தம் செய்யும்போது தூசியைக் காற்றடிக்கும் ரப்பர் பந்தாலும் மென்மையான தூரிகையாலும்தான் நீக்க வேண்டும். விரல் ரேகையும் பூஞ்சைத் தடமும் போகத் தண்ணீர் கலக்காத ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு, முதலில் பளபளப்பான பக்கத்தில் மட்டும், முக்கியமில்லாத படத்தில் சோதித்துவிட்டுத் துடைக்கலாம். வாயால் ஊதினால் எச்சில் புள்ளி விழும். அதுவே அடுத்த பூஞ்சைக்கு விதை.

ஆகவே தேர்வு இப்படி அமைகிறது. பத்துச் சுருளுக்குள் 35 மி.மீ. மட்டும் இருந்தால் கடை. கேமரா இருக்கும் வீட்டில் விளக்குப் பலகையும் டியூப்பும் வாங்கினால் போதும். செலவு சில நூறு வெள்ளிக்குள் அடங்கும். கேமரா இல்லை, 120, 126 என்று கலந்து கிடக்கிறது என்றால் கூட்டாக வாங்கும் பழைய தட்டை ஸ்கேனர். பிளஸ்டெக், 35 மி.மீ. நிறைய வைத்திருந்து பெரிய அச்சும் வேண்டும் என்பவர்களுக்கு. எந்த வழியானாலும் வினிகர் வாடை வந்த சுருளைத்தான் முதலில் எடுக்க வேண்டும். நல்ல சுருள் காத்திருக்கும், அது காத்திருக்காது.

கோப்புப் பெயரில் ஆண்டு, நிகழ்வு, சுருள் எண், பட எண் நான்கும் இருக்கட்டும். அதே சுருள் எண்ணைப் பென்சிலால் உறையிலும் எழுத வேண்டும். படத்தில் இருப்பவர்களின் பெயரும் எந்தத் தோட்டம் என்பதும் பெரியவர்களுக்குத்தான் தெரியும். படங்களைத் திரையில் ஓடவிட்டு, அவர்கள் சொல்வதைக் கைபேசியில் பதிவு செய்து கோப்போடு சேர்த்து வைக்கலாம். படங்கள் மூன்று இடத்தில் இருக்க வேண்டும்: கணினியில் ஒன்று, தனி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, வெள்ளம் எட்டாத வேறு வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ ஒன்று.

ஸ்கேன் முடிந்ததும் நெகட்டிவைத் தூக்கிப்போடக் கூடாது. நாளை இதைவிட நல்ல கருவி வரும்போது மூலம் அதுதான். பழைய உறையை மாற்றி பாலிபுரோபிலீன் உறையில் போட வேண்டும். பிவிசி உறை காலப்போக்கில் பிலிமோடு ஒட்டிக்கொள்ளும். கேமராவுக்கு வைத்திருக்கும் டிரை பாக்ஸில் இடமிருந்தால் ஈரப்பதத்தை 40 விழுக்காட்டை ஒட்டி வைத்து அதிலேயே வைக்கலாம். இல்லையென்றால் காற்றுப்புகாத டப்பாவில் நிறம் மாறும் சிலிக்கா ஜெல் போட்டு, நிறம் மாறியதும் மாற்ற வேண்டும். வினிகர் வாடை அடித்தவை மட்டும் அந்த டப்பாவுக்குள் போகக் கூடாது. அவற்றைத் தாள் உறையில், மற்றவற்றிலிருந்து விலக்கி, காற்றோட்டமுள்ள இடத்தில் வைக்க வேண்டும்.